விசாரணையில் ஒரு கொம்புத் தேரை

என் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸும் கொஞ்சம் நடையுமாகப் போனால் எட்டிவிடக்கூடிய ஓடையில் வாழும் ஒரு தேரைக்காக நான் லண்டன் போனேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு செலவு யாருடையது என்று கேட்கிறார்கள். செலவு ஓர் அறக்கட்டளையுடையது. அவர்களுக்குத் தேரை என்றால் என்னவென்று தெரியாததால் உடனே கொடுத்துவிட்டார்கள்.

நான் திருநெல்வேலிக்காரன். பிழைப்பு வடகிழக்கு மலைகளில், ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் வேலை. அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் வரும் கல்குவாரிக்காரர் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். அந்த மலைகளில் கொம்புத் தேரைகள் உண்டு. மாட்டுக் கொம்பு இல்லை. கண்ணிமைக்கு மேலே தோல் கூராக நீண்டு நிற்கும், அவ்வளவுதான். உதிர்ந்த சருகுகளுக்கு நடுவே உட்கார்ந்தால், தான் சருகா தேரையா என்று தேரைக்கே சந்தேகம் வந்துவிடும். எங்கள் மலையில் இருப்பது ஒரே ஒரு கொம்புத் தேரை இனம் என்று புத்தகங்கள் சொல்லின. வெள்ளைக்காரர் காலத்தில் அதைப் பிடித்து லண்டனுக்கு அனுப்பிய ஒரு கர்னலின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். லத்தீனில் எழுதி உங்களை வதைப்பானேன். கர்னல் தேரை என்றே சொல்கிறேன்.

என் கண்ணுக்கு அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று எங்கும் கிடைப்பது, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சாக்கடை உட்பட. அதற்கு மெலிந்து நீண்ட கொம்பு. பின்கால் விரல்கள் தனித்தனியாக இருக்கும். மற்றது அந்த ஒரே ஓடையில் மட்டும். அதற்குக் கட்டைக் கொம்பு. விரல்களுக்கு இடையில் வாத்துக்கு இருப்பது போலத் தோல். சுற்றுவட்டாரத்து ஓடைகளில் மழைக்காலம் மழைக்காலமாக இறங்கித் தேடி, அட்டைகளுக்கு நிறைய ரத்தம் கொடுத்துவிட்டேன். வேறெங்கும் அது இல்லை. அந்த ஓடை பிறக்கும் பாறையைத்தான் குவாரிக்குக் கேட்டிருந்தார்கள். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளப்பான் என்பார்கள். கல்லையே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அவன் எங்கே போய் அளப்பான் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்டார். "சார், பட்டியலில் கர்னல் தேரை 'பரவலாகக் காணப்படுவது' என்று போட்டிருக்கிறது. அதற்காகக் குவாரியை நிறுத்தினால் நாளைக்குக் காக்காய்க்காக நிறுத்தச் சொல்வீர்கள். உங்கள் தேரை வேறு இனம், புது இனம் என்று காட்டுங்கள். நானே லாரிக்குக் குறுக்கே படுக்கிறேன்" என்றார். அவருடைய உருவத்துக்கு அவர் படுத்தால் லாரி நின்றுதான் ஆக வேண்டும். எனக்கு நம்பிக்கை வந்தது.

வேறு என்று காட்ட வேண்டுமானால், கர்னல் தேரை எது என்று முதலில் முடிவாக வேண்டும். இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தஞ்சைப் பக்கத்துப் பழைய கோயில்களில், நிலம் அளக்கும் கோலின் நீளத்தைச் சுவரில் வெட்டி வைத்திருப்பார்கள். ஊரில் கோல் பற்றித் தகராறு வந்தால் அந்தச் சுவர்தான் தீர்ப்பு. எங்களுக்கும் அப்படித்தான். ஒரு பெயரை முதன்முதலாக எந்தத் தேரையைப் பார்த்து வைத்தார்களோ, அந்த ஒரு தேரைதான் பெயருக்குச் சொந்தக்காரர். கோடித் தேரைகள் கத்தினாலும் செல்லாது. சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கும் அந்த ஒருவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். எங்கள் மலையின் கர்னல் தேரைக்கான அந்த ஒருவர் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தார். அவர் சாக்கடை வகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கும் கிடைப்பதைத்தானே கர்னலும் பிடித்திருப்பார்?

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என் தேரைகளையும் கொண்டுபோனேன். எல்லாம் செத்துப் பதப்பட்டவை, தாள்களெல்லாம் சரியாக வாங்கியவை. சாராயத்தில் நனைத்த மல்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரில் அடுக்கினேன். மேலடுக்குகளில் சாக்கடைக்காரர்கள், கீழடுக்குகளில் ஓடைக்காரர்கள். டிபன் கேரியரைவிடப் பத்திரமான பாத்திரத்தை நம்மவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு தேரையைப் பார்க்க என்றேன்.

"உங்கள் நாட்டில் தேரை இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் அதன் பெயர் உங்களிடம் இருக்கிறது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஆள் இங்கேயே தங்கிவிடமாட்டான், தங்கினாலும் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

தங்கியது ஈஸ்ட் ஹாமில், குலநாதன் வீட்டில். குலம் யாழ்ப்பாணத்துக்காரன். சென்னையில் என்னோடு விலங்கியல் படித்தவன். இருவரும் ஒரே தவளையை அறுத்த உறவு. ஊருக்குத் திரும்பி ஆசிரியராக இருந்தான். சண்டை முற்றியதும் எண்பதுகளின் நடுவில் எப்படியோ இங்கே வந்து சேர்ந்தான். வால்தம்ஸ்டோவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வா மச்சான். உதென்ன, கேரியரில சாப்பாடு கட்டிக்கொண்டோ வந்தனி? இஞ்ச சோறு இல்லை எண்டு ஆர் சொன்னது?"

உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவன் மனைவி தவமலர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உந்தக் கேரியரை வெளியில சைக்கிளுக்குப் பக்கத்தில வைக்கிறீங்களே?" என்றாள். கேரியர் தோட்டக் கொட்டகைக்குப் போனது. எனக்கு இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் கிடைத்தன. நான் வேலை பார்க்கும் மலையில் கறிவேப்பிலைக்கு வழியில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் உலர்த்திக் கொண்டுவந்தால் உண்டு. ஈஸ்ட் ஹாமில் அது பச்சையாக, கட்டுக்கட்டாக, மழைக்கோட்டுப் போட்ட பெண்களின் பைகளிலிருந்து தலைநீட்டியது. இந்தியாவின் ஒரு மூலையில் கிடைக்காத தமிழ்ச் சாப்பாடு இங்கிலாந்தில் கிடைக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமையில் இரண்டு தட்டு இடியப்பம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். சேலைக்கடை, நகைக்கடை, மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்காயும் விற்கும் மளிகைக்கடை. கடைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "நீங்கள் இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. ஆனால் எனக்குப் பின்னால் வந்த இளைஞனை அவர் விடவில்லை. ஊரில் எவடம், அங்கே எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயிலடி. மூன்றே கேள்விகள். இளைஞனின் ஊர், தெரு, சொந்தக்காரர்கள், வாய் திறந்து கேட்கக்கூடாத சமாச்சாரம் வரைக்கும் முடிவாகிவிட்டது. தேங்காய் நிறுத்துக் கொடுத்தார். நான் இருபது வருஷமாகத் தேரைகளுக்கு இனங்காணும் அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எத்தனை கேள்வி கேட்டாலும் இந்தத் துல்லியம் வந்ததில்லை. நம் சனங்கள் கப்பலேறும்போது எதை விட்டாலும் இதை விடுவதில்லை.

அடுத்த நாள் அருங்காட்சியகம். "மச்சான், ஒண்டு மட்டும். பையைத் தனிய வைச்சிட்டுப் போயிடாதை. இஞ்ச ஐரிஷ்காரரின்ர குண்டுப் பயம். தனிப் பையைக் கண்டா ஸ்டேஷனையே பூட்டிப் போடுவாங்கள்" என்று குலம் சொல்லித்தான் அனுப்பினான். நம் ஊரில் தனியாக ஒரு பை கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம் என்பதற்கான அடையாளம். பஸ்ஸில் துண்டு போடுகிறோமே, அது மாதிரி. ஈஸ்ட் ஹாம் பிளாட்பாரத்தில் பெஞ்சில் கேரியர்ப் பையை வைத்து இடம் பிடித்துவிட்டு, வரைபடம் பார்க்க நாலடி தள்ளிப் போனேன். ரயில் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். நானும் ஏறினேன். கதவு மூடிய பிறகுதான் கை வெறுங்கையாக இருப்பது தெரிந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்த்திசை ரயிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வராததற்குக் காரணம் நான்தான் என்பது ஒலிபெருக்கியில் தெரிந்தது. ஓடினேன். ஈஸ்ட் ஹாம் நிலையத்தின் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். பாதி கடைத்தெரு வெளியில் நின்றது. ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏதோ உலோகப் பொருளாம். அடுக்கடுக்காக இருக்கிறதாம். ரொம்பக் கைதேர்ந்தவர்கள் செய்த வேலையாம்."

கையைத் தூக்கி, அது என்னுடையது என்றேன். இரண்டு போலீஸ்காரர்கள் என்னை ஓரமாக அழைத்துப் போனார்கள். இளையவர் கேட்டார்: "உள்ளே என்ன? மதியச் சாப்பாடா?"

"இல்லை. கொம்புத் தேரைகள்."

மூத்தவர் என் தாள்களை எல்லாம் படித்தார். பிறகு என்னையே திறக்கச் சொன்னார்கள். ஒவ்வோர் அடுக்காகக் கழற்றிக் காட்டினேன். சாராய வாடை அடித்தது. மூன்றாம் அடுக்கில் இளையவர் குனிந்து, "இது மற்றதைப் போல் இல்லையே, கால் வேறு மாதிரி இருக்கிறது" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. புத்தகம் எழுதியவர்கள் யாருக்கும் படாதது ஒரு போலீஸ்காரர் கண்ணில் பட்டுவிட்டது. மூத்தவர் மட்டும், இனிமேல் பையை மடியில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அன்று முழுக்க மடியில்தான் வைத்திருந்தேன்.

அருங்காட்சியகத்தில் என்னை வரவேற்றவர் மிஸ் வின்ஸ்லோ, தவளைப் பகுதியின் பொறுப்பாளர். அறுபதை நெருங்கிய ஒல்லியான அம்மாள். முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. தாமதத்துக்குக் காரணம் சொன்னதும், "முதலில் தேநீர்" என்றார். தேநீரோடு வந்த பிஸ்கட் நம் ஊர் வரட்டியின் நிறத்தில் இருந்தது, ருசியைப் பற்றி ஒப்பிட எனக்கு அனுபவம் போதாது. ஆனால் அந்த அம்மாள் அன்பானவர். தேரையைப் பற்றிப் பேசும்போது தாழ்ந்த குரலில், பக்கத்து அறையில் நோயாளி தூங்குகிற மாதிரி பேசினார்.

கிடங்கு வரிசை வரிசையாகப் போத்தல்கள். பெயருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் போத்தல்களுக்கு மட்டும் கழுத்தில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். நாங்கள் தேடியதை அவர் மேஜைமேல் வைத்து, நாடாவை அவிழ்த்து, மூடியைத் திருகி, இடுக்கியால் மெதுவாகத் தூக்கி ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தார்.

முதல் பார்வையில் எனக்குச் சந்தோஷம்தான். அந்நிய ஊரில் திடீரென்று நம் தெருக்காரரைக் கண்டால் வருமே, அது. நிறம் போய்ச் சாம்பல் பூத்திருந்தாலும் அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். கட்டைக் கொம்பு. இடுக்கியால் பின்காலை விரித்தேன். விரல்களுக்கு இடையில் தோல், வாத்துக்கு இருப்பது போல.

அதற்குப் பிறகுதான் புரிந்தது. கர்னல் பிடித்தது சாக்கடைத் தேரையை அல்ல. என் ஓடைத் தேரையை. அந்த மனிதர் அத்தனை மலையையும் விட்டுவிட்டு அந்த ஓடைக்கா குளிக்கப் போயிருக்க வேண்டும்?

விஷயம் விளங்கியதா? பெயர் இவருக்குச் சொந்தம். ஆகவே என் ஓடைத் தேரைதான் கர்னல் தேரை. ஆகவே பட்டியலின்படி அது பரவலாகக் காணப்படுவது, பாதுகாப்புத் தேவையில்லாதது. பஸ் நிலையத்துச் சாக்கடையில் நாள்தோறும் கத்திக்கொண்டிருப்பதற்கு இதுவரை பெயரே இல்லை. அதுதான் புது இனம். எங்கள் அதிகாரி வாக்குத் தவறாதவர். அவர் போய்ச் சாக்கடைக்குக் குறுக்கே படுப்பார். ஓடைக்கு லாரி போகும்.

மிஸ் வின்ஸ்லோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன அதிர்ஷ்டம் உங்களுக்கு! இத்தனை காலமும் எல்லாரும் தவறான தேரையை இந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கிறோம். அந்தச் சாதாரணத் தேரைக்கு நீங்களே பெயர் வைக்கலாம். உங்கள் மனைவி பெயரை வையுங்களேன்."

சாக்கடைத் தேரைக்கு மனைவி பெயரை வைத்துவிட்டு ஊர் திரும்பும் தைரியம் எனக்கு இல்லை. ஓடையைப் பற்றிச் சொன்னேன், குவாரியைப் பற்றிச் சொன்னேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஐயோ பாவம். ஆனால் அது பாதுகாப்பு விஷயம். நாங்கள் இங்கே வகைப்பாடு" என்றார். பிறகு ஆறுதலாக, "இவருக்கு இங்கே ஒன்றும் ஆகாது. தீப்பிடிக்காத கதவு, ஒரே சீரான குளிர்" என்று தட்டில் கிடந்தவரைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் புட்டும் கணவாய்க் கறியும். சாப்பாட்டில் கை போகவில்லை. குலம் முழுக்கதையையும் கேட்டான்.

"இதுக்கேன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறாய்? நீ ஒண்டும் காணேல்லை எண்டு இரு. பழைய பேரைச் சாக்கடைக்கே விடு, உன்ர ஓடைக்காரனுக்குப் புதுப் பேரை வை. ஆர் வந்து அந்தப் போத்திலைத் திறக்கப் போயினம்?"

"அந்தம்மா பக்கத்துல நின்னு பார்த்தாங்களேடா."

"அவ தேத்தண்ணி குடிக்கிற மனிசி, வழக்குக்கு வரமாட்டா."

"என்னைக்காவது ஒருத்தன் திறப்பான். திறந்தா?"

"திறக்கேக்க உன்ர ஓடை தப்பியிருக்கும். பேந்து அவன் எதையாவது எழுதட்டும்."

அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு. பொய் சொன்னால் ஓடை பிழைக்கும், உண்மை சொன்னால் என் கையெழுத்திலேயே அது போகும். எங்கள் தொழிலில் இருப்பதெல்லாம் அந்தப் போத்தலும், அதில் கிடப்பதைக் கிடப்பதாகச் சொல்லும் நாலு பேரும்தான். நான் ஒருவன் மாற்றிச் சொன்னால், அடுத்தவன் சொல்வதை நான் எப்படி நம்புவேன்? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. கெடுக்கப் போனது என் வாய். தவமலர் மட்டும், "அண்ணையைச் சும்மா விடுங்கோ, அவர் சாப்பிடட்டும்" என்றாள்.

மறுநாள் அருங்காட்சியகம் போக மனம் வரவில்லை. குலத்துக்கு அன்று குரோய்டன் போக வேண்டியிருந்தது; அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் பெரிய அரசாங்கக் கட்டடம் அங்கேதான். தாளைப் புதுப்பிக்க வேண்டும். ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவன் ரயிலில் தூங்கிவிடுவான் என்று தவமலர் பயந்தாள். நான் துணைக்குப் போனேன். குளிரில் நீள வரிசை; எல்லா நிறத்திலும் மனிதர்கள், எல்லார் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை. நம் ஊர் வரிசையில் முதுகில் இடித்துக்கொண்டு நிற்போம், சூடாகவாவது இருக்கும். இங்கே ஆளுக்கு ஒரு முழம் இடைவெளி விட்டு விறைத்தோம். உள்ளே போய் வெகுநேரம் காத்திருந்தபின் குலத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண்மணி தாளைப் பார்த்தார், முத்திரை குத்தினார், புன்னகைகூடச் செய்தார். முடிந்தது.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "என்னடா சொன்னாங்க?"

"சொல்லுறதுக்கு என்ன இருக்கு? கேஸ் இன்னும் முடியேல்லை. முடிவு வரும் வரைக்கும் இருக்கலாம்."

"நீ இங்க அகதியா, இல்லையா?"

"அகதியும் இல்லை, அகதி இல்லாதவனும் இல்லை. விசாரணையில இருக்கிறன்." அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "முந்தி எனக்கும் விசர்தான் வந்தது. ஒரு முடிவைச் சொல்லித் துலையுங்கோவன் எண்டு. பேந்துதான் விளங்கினது. முடிவு வரும் வரைக்கும் என்னை ஒருத்தரும் பிளேனில ஏத்த ஏலாது. இதுக்குள்ள ரெண்டு பிள்ளையள் பிறந்து பள்ளிக்கூடமும் போகுதுகள். கெதியா முடிவு வந்தவை கொஞ்சப் பேர். அவையள் இஞ்ச இல்லை."

ஒரு மனிதன் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தேரை ஞாபகம் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்தது வந்ததுதான்.

அடுத்த நாள் காலையில் மிஸ் வின்ஸ்லோவின் மேஜை முன்னால் நின்றேன். உண்மையை உள்ளபடியே எழுதப் போகிறேன் என்றேன். போத்தலில் இருப்பது ஓடைத் தேரைதான். "ஆனால் ஒரு சந்தேகம். பழைய பெயரைச் சாதாரணத் தேரைக்கே விட்டுவிடுங்கள், பழக்கம் மாறினால் குழப்பம் வரும் என்று யாரிடமாவது மனுச் செய்ய முடியுமா?"

விலங்குப் பெயர்த் தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே ஓர் உலக மன்றம் இருக்கிறது. எனக்குத் தெரியும், அவர் வாயால் கேட்க விரும்பினேன். "மனுச் செய்யலாம்" என்று இழுத்தார். "ஆனால் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லா நாட்டு ஆட்களிடமும் கருத்துக் கேட்டு, ஆற அமர யோசித்துத்தான் முடிவு சொல்வார்கள். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு பல்லிக்காக மனுப் போட்டார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பதிலுக்கு நான் காத்திருக்கிறேன்."

"அதுவரைக்கும்?"

"விசாரணையில் இருக்கும்வரை யாரும் எதையும் மாற்றக்கூடாது. எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். அதுதான் விதி. மன்னியுங்கள், நீங்கள் அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும்."

எனக்கு ஓர் அவசரமும் இல்லை என்றேன். இந்தச் செய்தியைக் கேட்டு அந்த அறையில் இதற்கு முன் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அவர் எனக்கு இன்னொரு தேநீர் ஊற்றினார். அந்தப் பிஸ்கட்டை அன்று முழுசாகச் சாப்பிட்டேன். லண்டனில் மிச்சமிருந்த நாட்களில் ஊர் எதையும் பார்க்கவில்லை. கோபுரம், பாலம், ராணி வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மனுவை எழுதினேன். முடிந்த அளவு நீளமாக, முடிந்த அளவு பேரிடம் கருத்துக் கேட்க வேண்டிய மாதிரி எழுதினேன். பொய் ஒரு வரிகூட இல்லை.

ஊர் திரும்பி அதிகாரியைப் பார்க்கப் போனேன். மனு கிடைத்தது, விசாரணையில் இருக்கிறது என்று லண்டன் முத்திரையோடு வந்திருந்த பதிலை அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இப்போது இது சாதாரணமா, அரிதா?"

"விசாரணையில் இருக்கிறது."

"எங்கே?"

"லண்டனில். உலக மன்றத்தில்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவருக்கு மிகவும் பரிச்சயமான நிலை அது. "விசாரணையில் இருக்கும் விஷயத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு மாறிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று குவாரிக் கோப்பை மூடி, நாடா கட்டி, அலமாரி உச்சியில் வைத்தார். குறுக்கே படுக்க வேண்டிய சிரமம் அவருக்கு வரவில்லை. அவருக்குப் பின் வந்தவரும், அவருக்குப் பின் வந்தவரும் அந்தக் கோப்பை இறக்கினார்கள், படித்தார்கள், ஏற்றினார்கள். சட்டம் காப்பாற்றாத ஓடையைத் தயக்கம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நடுவில் ஒருமுறை குவாரிக்காரர் என் வீட்டுக்கே வந்தார். லண்டன் தீர்ப்பை விரைவுபடுத்தத் தான் ஏதாவது உதவி செய்ய முடியுமா என்று பணிவாகக் கேட்டார். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

தொண்ணூறுகள் முடியும் சமயத்தில் ஒரு நாள் குலம் போன் பண்ணினான். பின்னால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே "அம்மா" என்பது மட்டும் தமிழ்.

"மச்சான், எனக்கு முடிவு வந்திட்டுது. நிரந்தரமா இருக்கலாமாம். தவமலர் அழுதுகொண்டிருக்கிறாள்."

அழட்டும் விடுடா என்றேன். பிறகு அவன்தான் கேட்டான்.

"உன்ர ஓடைக்காரனுக்கு?"

"இன்னும் இல்லடா. விசாரணையிலதான் இருக்கு."

"நல்லது. எல்லாருக்கும் என்னை மாதிரி வாய்க்குமோ தெரியாது. அந்த மன்றத்துக்காரர் கேட்டாலும் நீ அவசரப்படுத்தாதை."